பதினாறு இஞ்ச் சண்டை

டயர்க் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் டயர் வாங்க வருவதில்லை. வீட்டிலேயே முடிவு செய்துவிட்ட ஒன்றுக்குத் தலையாட்ட ஓர் ஆளைத் தேடி வருகிறார்கள். எனக்குத் தலையாட்ட வராது. சிக்கல் அங்கேதான் தொடங்கியது.

எம்.இ. மெக்கானிக்கல் இரண்டாம் வருடம் படிக்கிறேன். சனி, ஞாயிறும் விடுமுறை நாட்களும் ஒரகடத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகும் சாலையில் ஒரு டயர், ரிம் கடையில் வேலை. சிங்கப்பெருமாள் கோவிலில் ரயிலை விட்டு இறங்கி, ஷிப்டுக்குப் போகிறவர்களோடு ஷேர் ஆட்டோவில் நசுங்கி வந்து சேர வேண்டும். எந்த வண்டிக்கு எந்த அளவு ரிம், எந்த அளவு டயர் என்று சொல்வது என் பொறுப்பு. நீங்களும் எப்போதாவது கவுண்டருக்குப் பின்னால் நின்று, சரியானதைச் சொல்லி, சொன்னதற்காகவே திட்டு வாங்கியவரென்றால் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருங்கள். இது நம் ஆட்களின் கதை.

ஆள் இல்லையா?

சேர்ந்த முதல் சனிக்கிழமை. பாஸ்கர் என்று ஒருவர், வல்லம் வடகாலில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் சூப்பர்வைசர், புது ஜீப்பை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். நான் கவுண்டரில் நிற்கிறேன். கழுத்தில் கடைப் பெயர் போட்ட அட்டை, கையில் டேப். அவர் என் தலைக்கு மேலாகப் பார்த்து, "ஆள் இல்லையா?" என்றார். நான் ஆள்தான் சார் என்றேன். ஏதோ ஜோக் சொன்னதாக நினைத்துச் சிரித்தார்.

வண்டியில் இருப்பது பதினெட்டு இஞ்ச் ரிம். அவருக்கு இருபது வேண்டும். எதற்கு என்றேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்களோடு கடலோரத் தோப்புகளில் மணலில் ஓட்டப் போகிறாராம். மணலுக்கு இருபதா? எனக்குச் சூடேறிவிட்டது. ரிம் பெரிதானாலும் டயரின் வெளி உயரம் அதேதான், நடுவில் இருக்கிற ரப்பர்தான் மெலியும். மணலில் போகிறவர்கள் டயரில் காற்றைப் பாதியாக இறக்குவார்கள், அப்போது ரப்பர் தளர்ந்து, தரையில் பதிகிற டயரின் பாதம் நீண்டு, வண்டி புதையாமல் மேலாகப் போகும். அப்படி இறக்க வேண்டுமானால் ரப்பர் உயரமாக இருக்க வேண்டும், மெல்லிசாக இருந்தால் ரிம்மே தரையில் இடிக்கும். ஆகவே நீங்கள் ஏற வேண்டியதில்லை, பதினேழுக்கோ பதினாறுக்கோ இறங்க வேண்டும் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: "நல்லா பேசுற பாப்பா. உள்ள போயி அப்பாவைக் கூப்பிடு."

சுகன்யா செட்

கடை முதலாளி எனக்கு அப்பா இல்லை. நாங்குநேரிப் பக்கம் சொந்த ஊர், எல்லோருக்கும் அண்ணாச்சி. பாஸ்கருக்கு அரை மணியில் இருபது இஞ்சை மாட்டி, எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி அனுப்பிவிட்டார். அன்று மாலையே அவரோடு சண்டையை ஆரம்பித்தேன். தெரிந்தே தப்பான பொருளை விற்கலாமா என்றேன். கேட்டதைக் கொடுப்பது தப்பா என்றார். மணலுக்கென்று ஒரு செட்கூட வைத்துக்கொள்ளாமல் கேட்டதைக் கொடுக்கிறோம் என்று சொல்வதே பித்தலாட்டம் என்றேன். இப்படி நான்கு வாரம். ஐந்தாவது வாரம் அலுத்துப்போய் ஒரு செட் வரவழைத்தார். பதினாறு இஞ்சில் நான்கு கறுப்பு ஸ்டீல் ரிம், மேலே குண்டுக் குண்டாக டயர்.

கண்ணாடி மாதிரி மின்னும் அலாய் ரிம்களுக்கு நடுவே அவை நான்கு தோசைக்கல் போல உட்கார்ந்திருந்தன. ஃபிட்டர் ஏழுமலை சாக்பீஸ் எடுத்து அதன்மேல் என் பெயரைப் போட்டு 'சுகன்யா செட்' என்று எழுதிவிட்டான். என்னைவிட இரண்டு வயது மூத்தவன். என்னை இன்ஜினியரம்மா என்றுதான் கூப்பிடுவான், அதில் மரியாதை ஒரு துளியும் கிடையாது. அண்ணாச்சி சிரிக்கவில்லை. நிபந்தனையைச் சொன்னார்: "ஏளா, படிச்ச பிள்ளை சொல்லுதியேன்னு எறக்கிருக்கேன். ஆயுத பூசைக்குக் கடையைக் களுவும்போது இது இங்கன கெடக்கப்படாது. கெடந்துச்சுன்னா நீ கம்ப்யூட்டர்ல பில்லு போட்டா போதும், அளவு பேச்சே பேசக் கூடாது."

நூற்றுக்கு நூறு

பில் போடுவது கேவலமான வேலை என்று நான் சொல்லவில்லை. ஆனால் இந்தச் சாலையில் எத்தனை டயர்க் கடையில் ஒரு பெண் டேப்பைப் பிடித்துக்கொண்டு வண்டிக்கு அடியில் குனிந்து அளவு சொல்கிறாள்? நான் பார்த்த வரையில் நான் ஒருத்திதான். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து ஏ.சி. காற்று வாங்கிக்கொண்டு பிரிண்ட் எடுக்கவா கியரையும் பிரேக்கையும் படித்தேன்? அதனால் கடைக்கு வந்த ஒருவரையும் விடவில்லை. காரில் வந்தவர், வேனில் வந்தவர், டீ கொண்டு வந்தவர் எல்லோருக்கும் மணல் பாடம்.

முதன்முதலாக ஒருவர் முழுதாக ஒத்துக்கொண்டார். ஐம்பது வயதிருக்கும், லுங்கி, காதில் பென்சில். நான் காற்று இறக்குவதைச் சொல்ல ஆரம்பித்ததுமே அவரே முடித்தார். சைட்டில் மண்ணுக்குள் வண்டி மாட்டினால் அவர் இருபது வருடமாக அதைத்தான் செய்கிறாராம். டயர் எப்படிப் பரவும் என்று உள்ளங்கையை மேஜைமேல் அழுத்திக் காட்டினார். கல்லூரியில் ஒரு பேராசிரியர்கூட அவ்வளவு தெளிவாகக் காட்டியதில்லை. எனக்குக் கண் கலங்காத குறை. செட்டைக் கொண்டுவரட்டுமா, வண்டி என்ன வண்டி என்றேன். வெளியே கையைக் காட்டினார். பத்துச் சக்கர டிப்பர் லாரி. "நீ சொல்றது நூத்துக்கு நூறு கரெக்ட்டும்மா. ஆனா நான் பஞ்சர் போட வந்தேன்."

உயரம்

அடுத்தது ஒரு கணவன் மனைவி. இரண்டு பேரும் திருநெல்வேலிப் பக்கம், இங்கே ஒரே கம்பெனியில் வேறு வேறு ஷிப்ட்; ஒன்றாக லீவு கிடைக்கிற நாளில் ஜீப்பில் எங்கேயாவது மணலுக்குப் போய்விடுவார்களாம். இதைவிட நல்ல வாடிக்கையாளர் எங்கே கிடைப்பார்? பதினாறு இஞ்ச் குண்டு டயரையும் பதினெட்டு இஞ்ச் டயரையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வைத்து, மேலே ஓர் அடிக்கோலை வைத்தேன். கோல் ஆடவில்லை. பாருங்கள், உயரம் ஒரு நூல்கூடக் குறையவில்லை, வண்டியின் மீட்டர்கூடச் சரியாகவே காட்டும் என்றேன்.

கணவர் விழுந்துவிட்டார். மண்டியிட்டு ரப்பரைத் தட்டிப் பார்த்தார், கைபேசியில் படம் எடுத்தார். மனைவி ஐந்தடி தள்ளி நின்று, கண்ணைச் சுருக்கிக்கொண்டு வண்டியையும் செட்டையும் கணவரையும் மாறி மாறிப் பார்த்தார். கோல் காட்டியது கோலோடு சரி. ரோட்டில் பார்ப்பவர்களுக்கு நடுவில் இருக்கிற வட்டம்தானே தெரியும் என்பது அவர் கட்சி. நான் விடவில்லை. அவரும் விடவில்லை. நல்ல வாதக்காரி, வேறு இடத்தில் சந்தித்திருந்தால் தோழிகளாகியிருப்போம். கடைசியில் என் காதருகே குனிந்து, கணவருக்குக் கேட்கும்படியாகவே சொன்னார்: "எல்லாம் சரிதான் மேடம். ஏற்கெனவே இவுக குட்டை. வண்டியும் குட்டையாத் தெரிஞ்சா ஊருக்குள்ள எப்படிப் போக?"

பின்னால் சரி

இனி வருவது என் தப்பு. மறைக்க மாட்டேன். மறைமலை நகரில் வேலை பார்க்கும் ஓர் இன்ஜினியர், அமைதியான மனிதர், நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, சரி, மாட்டுங்கள் என்றார். அவ்வளவு எளிதாக ஒருவர் சரி என்று சொன்னதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. வண்டியின் பின்பக்கம்தான் கடையைப் பார்த்து நின்றது. ஏழுமலை ஜாக்கியைப் பின்னால் வைத்தான். பதினாறை மாட்டிக் கையால் சுற்றினேன். விசிறி போலச் சுற்றியது. அண்ணாச்சியைக் கூப்பிட்டுக் காட்டினேன். இன்னொரு தடவையும் சுற்றிக் காட்டினேன். ஆயுத பூஜைக்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது; நான் அன்றே ஜெயித்துவிட்ட மாதிரி நடந்துகொண்டேன்.

முன்சக்கரத்தைக் கழற்றியதும் சிக்கல் தெரிந்தது. அந்த வண்டிக்குப் பின்னால் டிரம் பிரேக். அது உள்ளே அடங்கிவிடும். முன்னால் டிஸ்க் பிரேக். டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் இரும்பு வெளியே துருத்திக்கொண்டிருந்தது. பதினாறு ரிம் அதன்மேல் ஏறவே இல்லை. எந்த வண்டியிலும் முதலில் முன் பிரேக்கைப் பார் என்பது முதல் வருடப் பையனுக்கும் தெரிந்த பாடம். இன்ஜினியரிடம் நானே போய், தப்பு என்னுடையது, உங்கள் வண்டிக்குப் பதினேழுக்குக் கீழே இறங்க முடியாது, பதினேழு இப்போது எங்களிடம் இல்லை என்று சொன்னேன். அவர் திட்டவில்லை; அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. ஏழுமலை பழைய சக்கரத்தைத் திரும்ப மாட்டிக்கொண்டே, முகத்தைத் தூக்காமல் கேட்டான்: "பின்னாடி ரெண்டு சூப்பரா கீது இன்ஜினியரம்மா. சாரை ரிவர்ஸ்லயே ஓட்டிக்கினு போவச் சொல்லிடலாமா?"

வாடகை

அன்று இரவு ஹாஸ்டலில் உட்கார்ந்து, ரிம் வந்த அட்டைப்பெட்டியில், பிரேக் இடிக்குமா என்று வைத்துப் பார்க்க, பதினாறு இஞ்ச் ரிம்மின் உள்வளைவை வெட்டி எடுத்தேன். அதற்குப் பிறகு யாருக்கு அளவு சொன்னாலும் முதலில் முன்சக்கரம், அட்டை, அப்புறம்தான் வாய். ஆனால் வாய்க்குத்தான் வேலை இல்லாமல் போனது. நான் "ரிம் அளவைக் குறைத்து" என்று ஆரம்பித்ததுமே வந்தவர் முகம் சுருங்கிவிடும். அதை நான் கவனித்தேன். கவனித்தும், உண்மையில் குறைப்பதுதானே, குறைப்பதைக் குறைப்பது என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது என்று பிடிவாதமாக அதையே சொன்னேன்.

ஒரு நாள் டீக்கடைப் பெஞ்சில் யாரோ ஏழுமலையிடம், அது என்னப்பா ஓரத்தில் கறுப்பாக, ரிம் இவ்வளவு சின்னதாக இருக்கிறதே என்று கேட்டார். அவன் வடையை மென்றுகொண்டே சொன்னான்: "மண்ணுல இரும்பா ஓடுது? காத்துதான் ஓடுது. ரிம்மு சின்னது இல்லபா, காத்துக்கு வூடு பெருசு." கேட்டவர் தலையாட்டினார். மூன்று மாதத்தில் எனக்கு ஒருவர்கூட அவ்வளவு சீக்கிரம் தலையாட்டியதில்லை. எனக்கு வந்த கோபத்தைக் கேட்காதீர்கள். காற்று ஒன்றும் குடியிருக்கிற ஆள் இல்லை, அழுத்தம் வேறு, கொள்ளளவு வேறு, இப்படிச் சொல்வது பாமரத்தனம் என்று அவனோடு அங்கேயே மல்லுக்கு நின்றேன். அவன் கேட்டுவிட்டு, "நீ சொல்றது கரெக்ட்டு. யாரு காதுல உள்ள போவுது சொல்லு" என்றான். நான் பேச்சை மாற்றினேன்.

மறுநாள் ஒருவர் வந்தார். ஒரு ரூமில் ஆறு பேராகத் தங்கி இரண்டு ஷிப்ட் பார்ப்பவர். முதலாளியின் ஜீப்புக்கு ஸ்டெப்னி டயர் கேட்டு வந்திருந்தார். சுற்றும் முற்றும் பார்த்தேன். ஏழுமலை கிரீஸ் எடுக்க உள்ளே போயிருந்தான். தொண்டையைச் செருமிக்கொண்டு, மிகவும் வெட்கத்தோடு, சார், இந்தச் செட்டில் காத்துக்கு வூடு பெருசு என்றேன். அவர் முகம் சுருங்கவில்லை. செட்டை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார், குனிந்து உள்ளே எட்டிப்பார்த்தார், நிமிர்ந்தார். "சரி மேடம், காத்துக்கு வூடு பெருசு. வாடகை, அட்வான்ஸ் எல்லாம் எவ்ளோ?"

செல்வி அக்காவின் தோப்பு

அவர் வாங்கவில்லை. ஆனால் அவர் டிரைவராக வேலை பார்ப்பது செல்வி அக்காவிடம். செல்வி அக்கா ஒரகடத்தில் இரண்டு கம்பெனிக்குக் கேன்டீன் நடத்துகிறவர். கடலோரத்தில் ஒரு சவுக்குத் தோப்பைக் குத்தகைக்கு எடுத்திருக்கிறார். அவருடைய பழைய ஜீப்பில், முதலில் வைத்திருந்தவர் அழகுக்காகப் பதினெட்டு இஞ்ச் ரிம் போட்டுவிட்டுப் போயிருந்தார். தண்ணீர் மோட்டாரை ஏற்றிக்கொண்டு தோப்புக்குள் போகும்போதெல்லாம் மணலில் மாட்டி, ஆள் வைத்துத் தள்ள வேண்டியிருக்கிறது. டிரைவர் போய்ச் சொன்ன 'காத்து வூடு' கதையைக் கேட்டுவிட்டு அவரே வந்தார். நான் வாயைத் திறக்கவில்லை. முன்சக்கரத்தைக் கழற்றச் சொன்னேன், அட்டையை வைத்தேன். பழைய வண்டி, சின்ன பிரேக். ஒரு விரல் இடைவெளி விட்டு அழகாகச் சுற்றியது. செல்வி அக்கா ஒரே கண்டிஷன் போட்டார். மணலில் வந்து ஓட்டிக் காட்ட வேண்டும். ஓடாவிட்டால் அங்கேயே கழற்றிக்கொள்ள வேண்டும். ஆயுத பூஜைக்கு மூன்று நாள் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஜீப்பில் செல்வி அக்கா, ஏழுமலை, நான், பின்னால் மோட்டார். தோப்பு வாசலில் இறங்கி நான்கு டயரிலும் முப்பதுக்கு மேல் இருந்த காற்றழுத்தத்தைப் பதினைந்துக்கு இறக்கினேன். டயர்கள் உட்கார்ந்தன. செல்வி அக்காவே ஓட்டினார். எப்போதும் மாட்டுகிற இடம் வந்ததும் என் கை இருக்கையைப் பிடித்துக்கொண்டது. தோற்றால் இனி என் இடம் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால்தான். வண்டி கொஞ்சம் நெளிந்தது, கொஞ்சம் முனகியது, பிறகு சாவகாசமாக நடந்து போகிற ஆளைப் போல அந்த இடத்தைத் தாண்டியது. கிணற்றடி வரை போய் மோட்டாரை இறக்கி, திரும்பியும் வந்துவிட்டோம். இவ்வளவு மகிழ்ச்சியான ஒரு காலையை நான் எந்தப் பரீட்சை ரிசல்ட்டிலும் பார்த்ததில்லை.

பிறகு தார் ரோட்டுக்கு வந்தோம். இறக்கிய காற்றை மறுபடி ஏற்றினால்தான் ரோட்டில் வேகமாகப் போகலாம். ஏற்றுவதற்கு பம்ப் வேண்டும். கடையில் காற்று நிரப்பும் மெஷின் மட்டுமே மூன்று இருக்கின்றன. அதனால்தான் பம்ப் என்ற பொருள் எங்கள் இரண்டு பேர் மூளைக்கும் எட்டவே இல்லை. டயர்க் கடைக்காரர்களைத் தவிர வேறு யாரும் இதை மறந்திருக்க மாட்டார்கள். அடுத்த பஞ்சர் கடை வரை சைக்கிள்கள் எங்களை முந்திக்கொண்டு போக, நத்தை மாதிரி ஊர்ந்தோம். செல்வி அக்கா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "வூடு பெருசுதான் தங்கச்சி. காத்து எங்க?"

ஆள் இருக்கிறதா?

செல்வி அக்கா செட்டைத் திருப்பித் தரவில்லை. ஆயுத பூஜையன்று கடையைக் கழுவும்போது அந்த மூலையில் 'சுகன்யா செட்' உதிர்த்த சாக்பீஸ் தூள் மட்டும் இருந்தது. ஏழுமலை அதையும் தண்ணீர் விட்டுத் தேய்த்தான். ஜாக்கி, ஸ்பேனர், டயர் கழற்றும் மெஷின் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். அண்ணாச்சி வரிசையாகப் பொட்டு வைத்துக்கொண்டே வந்து, என் அட்டை வளைவுக்கு முன்னால் நின்றார். இது என்ன என்று அவருக்குத் தெரியும். யோசித்துவிட்டு அதற்கும் ஒரு பொட்டு வைத்தார். பில் போடுவதைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவரும் பேசவில்லை. பொரியைக் கையில் கொடுக்கும்போது மட்டும், பதினேழு இஞ்சில் ரெண்டு செட் எறக்கட்டுமா என்று கேட்டார். முன் பிரேக்கைப் பார்த்துவிட்டுத்தான் சொல்வேன் என்றேன்.

அந்த நேரத்தில் கடை போன் அடித்தது. அண்ணாச்சி சத்தமாகப் பேசுபவர்களின் போனை எப்போதும் ஸ்பீக்கரில் போடுவார். பின்னணியில் ஒரு வண்டியின் இன்ஜின் வீணாகக் கத்திக்கொண்டிருந்தது; யாரோ "தள்ளு, தள்ளு" என்றார்கள். பேசியவர் பாஸ்கர், வல்லம் வடகால் சூப்பர்வைசர், எங்கள் இருபது இஞ்ச்காரர். லீவு நாளென்று ஏதோ தோப்புக்குப் போய் அச்சு வரை மணலில் இறங்கிவிட்டார். காற்றை இறக்கிப் பார்த்ததில் ஒரு ரிம் நெளிந்தும்விட்டது. அண்ணாச்சி, சொல்லுங்க சார், நான் ஓனர்தான் பேசுதேன் என்றார். அந்தப் பக்கம் இன்ஜினை அணைத்துவிட்டார்கள் போல. குரல் தெளிவாகக் கேட்டது. "ஓனர் வேணாங்க. அளவு சொல்ற ஆள் இருக்காங்களா?"

நான்கு மாதம் நான் தொண்டை வறளச் சொன்னதை மணல் ஒரே நிமிடத்தில் சொல்லி முடித்துவிட்டது என்பது உண்மைதான், என்றாலும் ஜெயித்தது என் வாதம்தான் என்று கடையில் எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கிறேன், மணல் வந்து மறுக்கப் போவதில்லை.